கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

கலை இயக்கத்துக்காகப் பார்க்க வேண்டிய படங்களும் தொடர்களும் எவை, அவற்றில் உங்களுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் இரண்டு வரிகளில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அரண்மனையும் போர்க்களமும் வரும் படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் "செட் பிரமாதம்" என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அது கொட்டிய பணத்தைப் பார்த்து வந்த வியப்பா, வடிவமைப்பைப் பார்த்து வந்த வியப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படங்களின் பெயர்களைக் காட்டிலும் இந்தப் பிரித்தறிதல்தான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கட்டட வரைபடம் போடுபவனாக இந்தத் துறைக்குள் வந்து, கலை இயக்குநர்களிடம் உதவியாளனாக இருந்து, பிறகு தனியாகவே படங்களுக்கும் தொடர்களுக்கும் செட் போடத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மரம், பிளைவுட், பிளாஸ்டர், வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு கையால் கட்டும் செட்டுகளே என் அனுபவம். கணினியில் எழுப்பப்படும் உலகங்களைப் பற்றி நான் சொல்வதை ஒரு பார்வையாளர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பற்றிச் சுருக்கமாக. 'புரொடக்ஷன் டிசைனர்' என்ற பட்டம் வில்லியம் கேமரன் மென்சீஸுக்காக உருவானது. 1939இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்தின் ஒவ்வொரு காட்சியையும் நிறம் முதல் கோணம் வரை முன்கூட்டியே வரைந்து தீர்மானித்தவர் அவர். 'கலை இயக்குநர்' என்ற பழைய பெயர் அந்த வேலைக்குப் போதாது என்று கருதித் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் இந்தப் புதிய பெயரைக் கொடுத்தார். அட்லாண்டா நகரம் எரியும் காட்சிக்காக ஸ்டுடியோ வளாகத்தில் கிடந்த பழைய செட்டுகளைக் கொளுத்தினார்கள். எரிந்தவற்றில் 'கிங் காங்' காலத்துப் பெரிய மதிலும் ஒன்று. ஆஸ்கர் விருதில் அந்தப் பிரிவின் பெயர் கலை இயக்கம் என்பதிலிருந்து புரொடக்ஷன் டிசைன் என்று மாறியதோ 2012இல்தான். நம் பக்கத்தில் இரண்டு பெயர்களும் கலந்தே புழங்குவதால் நானும் கலை இயக்கம் என்றே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். இந்த இடம் வேறு மாதிரி இருந்திருந்தால் இந்தக் காட்சி இப்படி நடந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வேன். ஒரு அறை, அதற்குள் இருப்பவர் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது, யாரிடமிருந்து ஒளிய முடியும், எத்தனை அடி நடந்தால் கதவை எட்டலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானங்கள் கதையோடு பின்னிக் கிடந்தால், அறையில் நான்கு நாற்காலிகள் மட்டுமே இருந்தாலும் அது பெரிய வேலை. அந்தப் பின்னல் இல்லாவிட்டால் ஆயிரம் தூண்கள் நிறுத்தினாலும் அது பின்னணித் திரைதான்.

இந்த அளவுகோலில் எனக்கு முதலிடம் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1954இல் எடுத்த 'ரியர் விண்டோ' படத்துக்கு. காலில் மாவுக்கட்டுப் போட்டுச் சக்கர நாற்காலியில் அடைபட்டிருக்கும் ஒரு புகைப்படக்காரர், தன் பின்பக்க ஜன்னல் வழியாக எதிரே உள்ள வீடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவற்றில் ஒன்றில் கொலை நடந்திருக்கிறது என்று சந்தேகம் கொள்கிறார். ஹால் பெரேரா, ஜோசப் மக்மில்லன் ஜான்சன் ஆகிய இருவரும் கலை இயக்குநர்கள். பாராமவுண்ட் ஸ்டுடியோவின் ஒரே தளத்துக்குள் 31 குடியிருப்புகள் சூழ்ந்த முழு முற்றத்தையும் கட்டினார்கள். உயரம் போதாததால் தளத்தின் தரையையே பெயர்த்தெடுத்துக் கீழே இருந்த நிலவறையை முற்றத்தின் தரையாக்கினார்கள். ஆகவே மாடியில் இருப்பதாக நாம் நம்பும் கதாநாயகனின் அறை உண்மையில் ஸ்டுடியோவின் தரைமட்டத்தில் இருந்தது. மழை பெய்யும் காட்சிக்குத் தண்ணீர் வடிய வழி வைத்திருந்தார்கள். பகலுக்கும் அந்திக்கும் இரவுக்கும் ஒளியமைப்பை முன்பே பொருத்தியிருந்தார்கள். எதிர் வீடுகளில் நடிப்பவர்களோடு இயக்குநர் பேசுவதற்கு அவர்கள் காதில் அவர் குரலைக் கேட்கும் சிறிய கருவியை வைத்திருந்தார்கள்.

இந்தத் தகவல்களைப் படித்தால் மறுபடியும் செலவுதான் மனதில் நிற்கும். அதனால் நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது அந்த வீடுகளின் ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் செங்கல் சுவரை. சந்தேகத்துக்கு உள்ளானவர் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடக்கும்போது, ஒரு ஜன்னலில் மறைந்து அடுத்த ஜன்னலில் தோன்றுவதற்குள் சில நொடிகள் கடக்கின்றன. அந்த நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. படத்தின் பதற்றம் முழுவதும் அந்தச் சுவரின் அகலத்தில் இருக்கிறது. சுவர் இரண்டடி குறைந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான்கடி கூடியிருந்தால் நமக்குப் பொறுமை போய்விடும். அதேபோல் இடது ஓரத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அதன் வழியாகத் தெருவின் ஒரு கீற்று மட்டும் தெரியும்; வெளியே போகிறவர் அந்தக் கீற்றைக் கடக்கும் ஒரு கணம் மட்டுமே கண்ணில் படுவார், அவர் போன திசை தெரியாது. முடிவை நெருங்கும்போது, அதுவரை பார்க்கப்படுபவராக மட்டுமே இருந்த அந்த மனிதர் முற்றத்தைத் தாண்டி நேராக நம்மைப் பார்க்கிறார். எதிரெதிரே அமைந்த இரண்டு ஜன்னல்கள் என்ற மிக எளிய உண்மை அந்த ஒரு பார்வைக்காகவே அதுவரை காத்திருந்ததுபோல் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நாற்காலியில் பின்னுக்கு நகர்கிறேன்.

சுவரின் அகலத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். தனியாக வேலை செய்யத் தொடங்கிய புதிதில் ஒரு தொடருக்காக ஒரு வீட்டின் செட் போட்டேன். வீட்டை விட்டுப் போக முடிவெடுத்த மகள் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வருகிறாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் முதலில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கையில் உள்ள பையைப் பார்க்க வேண்டும். காட்சியின் உயிரே அந்த வரிசையில் இருந்தது. நான் போட்டிருந்த கதவு, தாய் உட்கார்ந்திருந்த பக்கத்தில் கீல் வைத்துக் கூடத்துக்குள் திறந்தது. கதவு திறந்ததும் பலகை மகளை முழுக்க மறைத்தது. பலகையின் விளிம்பைத் தாண்டி முதலில் வெளியே வந்தது பைதான். ஒத்திகையில் இதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் வரைபடத்தில் அந்தக் கதவு கால்வட்டக் கோடாகத் தெளிவாகவே இருந்தது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கேட்காமல், கைப்பழக்கத்தில் போட்ட கோடு அது. இரவோடு இரவாகத் தச்சர்கள் கீலை மறுபக்கத்துக்கு மாற்றி, பழைய கீலின் தடத்தைப் பட்டி வைத்து அடைத்து, வண்ணம் பூசினார்கள். மறுநாள் காலையில் முழுவதும் காயாத வண்ணம் நடிகையின் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால், 2019இல் வந்த போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' கலை இயக்கத்தைப் பாடமாகவே நடத்தும் படம். ஒரு பணக்காரக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஓர் ஏழைக் குடும்பம் நுழையும் கதை அது. கதைப்படி அந்த வீடு புகழ்பெற்ற ஒரு கட்டடக் கலைஞர் கட்டி வாழ்ந்தது. உண்மையில் கலை இயக்குநர் லீ ஹா-ஜுன் படத்துக்காகவே எழுப்பியது. வெயில் எந்த நேரத்தில் எந்த ஜன்னலில் விழும் என்பதைக் கணக்கில் வைத்தே வீட்டின் திசையைத் தீர்மானித்தார்கள். திரைக்கதையை எழுதும்போதே யார் எங்கே ஒளிந்து யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்திருந்தார். வீடு அந்தத் தேவைக்கு ஏற்ப வடிவம் பெற்றது. உண்மையான ஒரு கட்டடக் கலைஞரிடம் அந்த அமைப்பைக் காட்டியபோது இப்படி யாருமே வீடு கட்ட மாட்டார்கள் என்று அவர் சொன்னதாக இயக்குநரே பேட்டியில் கூறியிருக்கிறார். எனக்கு அது மிக உயர்ந்த பாராட்டாகத் தோன்றுகிறது. குடியிருப்பதற்கான வீட்டின் விதி வேறு, ஒளிவதற்கும் ஒட்டுக் கேட்பதற்குமான வீட்டின் விதி வேறு. ஏழைக் குடும்பத்தின் பாதாள வீட்டையும் இதேபோல் கவனியுங்கள். ஜன்னல் தெருவின் தரைமட்டத்தில் இருக்கிறது. வெளியே நடப்பவர்களின் கால்கள் அவர்களுடைய முகத்துக்கு நேரே வருகின்றன. கழிவறைப் பீடம் அந்த வீட்டிலேயே உயரமான மேடையில் இருக்கிறது. அந்தத் தெருவையும் வீடுகளையும் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டி வெள்ளக் காட்சியை எடுத்தார்கள். வெள்ளம் வரும் இரவில் அந்தக் குடும்பம் மேட்டிலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். மழைநீர் அவர்களுக்கு முன்பாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வசனமும் தேவைப்படாமல் இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு மனதில் ஏறிவிடும்.

பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் இடம் மனதைக் குழப்பும் என்பதற்கு ஸ்டான்லி கூப்ரிக்கின் 'த ஷைனிங்' நல்ல எடுத்துக்காட்டு. கதை நடக்கும் விடுதியை வடிவமைத்தவர் ராய் வாக்கர்; அதன் உட்புறம் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் போடப்பட்டது. மேலாளரின் அறையில் வெளிச்சம் நிறைந்த ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த அறைக்குப் போகும் வழியை நினைவில் வைத்துப் பார்த்தால் அங்கே ஜன்னல் இருக்கவே முடியாது, அதற்குப் பின்னால் விடுதியின் உட்பகுதிதான் இருக்க வேண்டும். இவ்வளவும் திரையில் தெரிவது, ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் இது வேண்டுமென்றே செய்ததா, படப்பிடிப்பு வசதிக்காகச் செய்து பிறகு அர்த்தம் கற்பிக்கப்பட்டதா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. அந்த இடம் பொருந்தாமல் இருப்பது திட்டமிட்டதுதான் என்று படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் யான் ஹார்லன் சொல்லியிருக்கிறார். செட்டில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது: வெளிச்சத்துக்காக இல்லாத இடத்தில் ஜன்னல் வைப்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பதே. ஆகவே ஒவ்வொரு பொருந்தாமையையும் மறைபொருளாக வாசிப்பவர்களோடு நான் முழுவதும் உடன்படுவதில்லை. பார்ப்பவருக்கு ஏற்படும் திசைமயக்கம் மட்டும் உண்மையானது. 1920ஆம் ஆண்டின் ஜெர்மானிய மௌனப் படமான 'டாக்டர் கலிகாரி' பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. ஹெர்மன் வார்ம், வால்டர் ராய்மன், வால்டர் ரோரிக் மூவரும் அதில் நிழல்களையே சுவரிலும் தரையிலும் வண்ணத்தால் தீட்டினார்கள். மின்சாரத் தட்டுப்பாட்டால்தான் அப்படிச் செய்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை உறுதியான செய்தியாக நான் ஏற்பதில்லை. தீட்டிய நிழல் விளக்கை நகர்த்தினாலும் நகராது என்பதும், அதனால் அந்த ஊரில் நடப்பவர்கள் ஏற்கெனவே எழுதி முடித்த விதிக்குள் நடப்பவர்களைப்போல் தெரிகிறார்கள் என்பதும் மட்டும் கண்ணால் காணக்கூடியது.

கூப்ரிக்கோடு வேலை செய்த இன்னொரு மேதை கென் ஆடம். 1921இல் பெர்லினில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்தவர். 1964இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்காக அவர் போட்ட போர் அறையைப் பெரிய செட்டுகளை விரும்பும் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே பிரம்மாண்டத்துக்கு வேலை இருக்கிறது. வட்ட மேசை, அதற்கு மேலே தொங்கும் விளக்கு வளையம், சுற்றிலும் இருட்டு. காட்சிக்குரிய வெளிச்சமே பெரும்பாலும் அந்த வளையத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே உலகத்தின் தலையெழுத்தை எழுதும் மனிதர்கள் ஒரு சூதாட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப்போல் தெரிகிறார்கள். படம் கறுப்பு வெள்ளையாக இருந்தும் மேசைக்குச் சீட்டாட்ட மேசையின் பச்சைத் துணியையே விரித்தார்கள்; நடிப்பவர்களுக்கு அந்த உணர்வு இருக்க வேண்டும் என்று கூப்ரிக் கேட்டுக்கொண்டார். ஆடம் முதலில் வரைந்தது இரண்டு மட்டங்கள் கொண்ட அறை. கூப்ரிக்குக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சில வாரங்கள் கழித்து, மேல்மட்டத்தில் நிற்பவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். பதில் இல்லாததால் வரைபடம் மாறியது. எங்கள் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ரீகன் இந்தப் போர் அறையைக் காட்டச் சொன்னார் என்று ஒரு கதை நெடுங்காலமாகப் புழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதை நம்புவதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

பிரம்மாண்டத்துக்கு வேலை இருக்கும் இன்னொரு இடம் 1960இல் வந்த 'முகல்-ஏ-ஆசம்' படத்தின் கண்ணாடி மண்டபம். எம்.கே. சையத்தின் செட் அது. ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகளில் எந்த விளக்கை வைத்தாலும் அதுவே திரும்பி ஒளிப்பதிவுக் கருவிக்குள் பாயும் என்பதால், ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் ஒளியை நேராகப் பாய்ச்சாமல் சிதறடித்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆனால் அந்த மண்டபம் கதைக்குள் நிற்பது வேறு காரணத்தால். ஒளித்து வைக்க வேண்டிய காதலை ஆடல்மகள் பேரரசருக்கு எதிரே அறிவிக்கும்போது, கூரையின் ஒவ்வொரு கண்ணாடியிலும் அவளே சுழல்கிறாள். பேரரசர் எந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினாலும் அவளிடமிருந்து தப்ப முடியாது. இதற்கு நேர் எதிர்த் திசையில், 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய மும்பைச் சேரி, செட் என்ற எண்ணமே வராத செட். அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1947இல் வந்த 'பிளாக் நார்சிசஸ்' படத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்ஃப்ரெட் யுங்கே வடிவமைத்த அந்த இமயமலை மடாலயம் பைன்வுட் ஸ்டுடியோவில் போடப்பட்டது, பள்ளத்தாக்கில் பெரும்பகுதி கண்ணாடியில் தீட்டிய ஓவியம்.

இனி தொடர்கள். ஒரு படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடரில் அதே அறைக்கு நாம் எழுபது முறை திரும்பிப் போவோம். ஆகவே அங்கே பொருள்களின் வயது மிக முக்கியம். 2007 முதல் 2015 வரை ஒளிபரப்பான 'மேட் மென்' தொடரின் கதை 1960இல் தொடங்குகிறது. சாதாரணமாக அந்த ஆண்டின் புது நாற்காலிகளையும் புது விளக்குகளையும் தேடிப்பிடித்து அறையை நிரப்பத் தோன்றும். கலை இயக்குநர் டான் பிஷப்பின் குழு அப்படிச் செய்யவில்லை. 1960இல் வாழும் ஒரு குடும்பத்தின் வீட்டில் அதற்கு முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகளில் வாங்கிய பொருள்களே நிறைந்திருக்கும் என்ற எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய வீட்டிலும் எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில் வாங்கப்பட்டவையாக இருப்பதில்லை. சரித்திரப் படங்கள் பலவற்றில் எனக்கு உறுத்துவது இதுதான். எல்லாம் காலத்துக்குச் சரியாக இருக்கும், ஆனால் எல்லாம் நேற்று வாங்கியதுபோல் இருக்கும்.

வயதேற்றுவதை நாங்கள் 'ஏஜிங்' என்போம். அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு சுவிட்ச் போர்டைச் சொல்கிறேன். புதுச் சுவரில் போர்டைப் பொருத்திவிட்டு அதைச் சுற்றி அழுக்கு ஏற்றச் சொன்னால், புதிதாக வரும் உதவியாளர் நான்கு பக்கமும் சமமாகப் பழுப்பு வண்ணத்தைத் தடவிவிடுவார். உண்மையான வீட்டில் அப்படி இருக்காது. இருட்டில் உள்ளே வருகிறவரின் கை போர்டைத் தேடிக்கொண்டு கதவுச் சட்டத்திலிருந்து சுவர்மேல் வழுக்கி வருகிறது. ஆகவே கறை கதவுப் பக்கத்தில் அதிகம், விரல்கள் ஊன்றும் கீழ்ப்பக்கத்தில் அதைவிட அதிகம், மறுபக்கத்தில் ஏறக்குறைய இல்லை. மேல் விளிம்பில் கறைக்குப் பதிலாகத் தூசி. அடிக்கடி பயன்படும் ஒரு சுவிட்சின் முனை மட்டும் மழமழவென்று பளபளக்கும். நீர்த்த வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றிய பிறகு, கடைசியில் உதவியாளரின் கண்ணைக் கட்டி, கதவிலிருந்து நடந்து வந்து சுவிட்சைப் போடச் சொல்வேன். அவர் கை படும் இடமே சரியான இடம். அந்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் இருந்தார்கள் என்பது அந்தக் கறையில் தெரிந்துவிடும். பார்ப்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார், ஆனால் நம்புவார்.

2019இல் வந்த ஐந்து பகுதிக் குறுந்தொடர் 'செர்னோபில்' இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் வேலை. கலை இயக்குநர் லூக் ஹல். செர்னோபிலில் இருந்த அதே வகை அணு உலைகளைக் கொண்டதும் 2009இல் மூடப்பட்டதுமான லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் பல காட்சிகளை எடுத்தார்கள். செர்னோபில் ஊழியர்கள் வாழ்ந்த பிரிப்யாத் நகரமாகக் காட்ட லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸின் சோவியத் காலத்துக் குடியிருப்புப் பகுதி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாதது. காட்ட முடியாத ஒன்றைப் பற்றிய கதையில், அது படியும் பரப்புகளைத்தான் காட்ட முடியும்: சுவர் ஓடுகள், தொப்பி, மருத்துவமனைக் கட்டில், குழந்தைகள் விளையாடும் மணல். அந்தப் பரப்புகள் ஒவ்வொன்றும் தொட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும் அளவுக்கு உண்மையாக இருப்பதால்தான் தொடுவதற்கே அச்சம் வருகிறது. இதே லூக் ஹல் பிறகு 'ஸ்டார் வார்ஸ்' உலகைச் சேர்ந்த 'ஆண்டோர்' தொடருக்கு வேற்றுக் கிரகத்து ஊர் ஒன்றைத் திறந்தவெளியில் தெருத் தெருவாகக் கட்டினார். அதே கற்பனை உலகைச் சேர்ந்த 'த மாண்டலோரியன்' தொடர், 2019 முதல், பின்னணியைக் கணினிப் படமாகக் காட்டும் வளைந்த ஒளித்திரைச் சுவருக்கு நடுவே எடுக்கப்பட்டு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, மனிதர்கள் எவ்வளவு தூரம் நேராக நடக்கிறார்கள், எத்தனை மூலைகள் திரும்புகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். கட்டிய தெருவில் நடிகர்கள் இன்னும் தாராளமாக நடக்கிறார்கள் என்பது என் கணிப்பு; கையால் கட்டுகிறவனின் சாய்வு அதில் இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகங்களைக் காட்டுவதில் இரண்டு படைப்புகளைச் சேர்த்துப் பார்க்கலாம். 2022இல் தொடங்கிய 'செவரன்ஸ்' தொடரில் கலை இயக்குநர் ஜெரமி ஹிண்டில் மிகப் பெரிய, ஏறக்குறைய வெறுமையான ஓர் அறையின் நடுவே நான்கு மேசைகளை மட்டும் ஒட்டிப் போட்டிருக்கிறார். தரை முழுக்கப் பச்சைக் கம்பளம், தாழ்ந்த கூரை. இவ்வளவு இடம் இருந்தும் எங்கும் போக முடியாது என்ற உணர்வு அந்தக் கூரையிலிருந்து வருகிறது. வெளிக்கட்டடம் நியூ ஜெர்சியில் ஈரோ சாரினென் வடிவமைத்த பெல் ஆய்வகக் கட்டடம். வெள்ளை நடைவழிகள் செட். இதற்கு முன்னோடி 1967இல் வந்த ஜாக் தாத்தியின் 'பிளேடைம்'. பாரிஸுக்கு வெளியே, சொந்த மின் நிலையத்தோடு, கண்ணாடியும் இரும்புமாக ஒரு நகரத்தையே தாத்தி எழுப்பினார். தொலைவில் நிற்கும் மனிதர்களில் சிலர் அட்டையில் வெட்டி ஒட்டிய புகைப்படங்கள். அந்தச் செலவு அவரைக் கடனில் மூழ்கடித்தது. படத்தில் ஓர் உணவகத்தின் கண்ணாடிக் கதவு உடைந்து நொறுங்கிவிடும்; வாயிற்காப்பாளர் மிஞ்சிய வட்டக் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுவார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கதவு எப்படித் திறக்கிறது என்று வாழ்நாளெல்லாம் யோசிக்கும் எனக்கு, கதவே இல்லாமல் கதவைக் காட்டிய அந்த நிமிடத்தைவிடப் பெரிய பாடம் கிடைத்ததில்லை.

விருதுகளை வைத்துத் தேடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும். 'ரியர் விண்டோ'வும் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'வும் ஆஸ்கரின் கலை இயக்கப் பிரிவில் பரிந்துரைக்கக்கூடப் படவில்லை. 'பாரசைட்' பரிந்துரையோடு நின்றது. கென் ஆடமுக்கு ஆஸ்கர் கிடைத்தது 'பாரி லிண்டன்' படத்துக்கும் 'த மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்துக்கும். இரண்டும் உடையும் மாளிகையும் நிறைந்த சரித்திரப் படங்கள். யாருடைய பெயர் போடப்பட்டிருக்கிறது என்பதிலும் எச்சரிக்கை தேவை. பழைய ஸ்டுடியோக் காலத்தில் துறைத் தலைவரின் பெயர் தாமாகவே முதலில் வந்துவிடும். எம்ஜிஎம் நிறுவனத்தின் செட்ரிக் கிப்பன்ஸ் ஒப்பந்தப்படியே ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் பெயர் பெற்றுப் பதினொரு ஆஸ்கர்களை வென்றார். 'சிட்டிசன் கேன்' படத்தில், கீழிருந்து பார்க்கும் கோணங்களுக்காகத் துணியால் கூரை போட்டு அதற்கு மேலே ஒலிவாங்கிகளை மறைத்த செட்டுகளை வடிவமைத்தவர் பெர்ரி ஃபெர்குசன். முதலில் வருவது துறைத் தலைவர் வான் நெஸ்ட் போல்கிளேஸின் பெயர். ஒரு காட்சியின் அழகில் எவ்வளவு கலை இயக்குநருடையது, எவ்வளவு ஒளிப்பதிவாளருடையது என்று திரையை மட்டும் பார்த்து அறுதியிட்டுச் சொல்ல இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் முடிவதில்லை. சுவரை நான் கட்டலாம். அதில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை விளக்கு தீர்மானிக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், 'ரியர் விண்டோ'விலிருந்தே தொடங்குங்கள். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, ஒரு தாளில் அந்த முற்றத்தின் தரைப்படத்தை வரைந்துகொண்டே பாருங்கள்: எந்த வீடு எங்கே, எந்த ஜன்னலுக்கு எந்த அறை, தீ தப்பிக்கும் இரும்புப் படிகள் எங்கிருந்து எங்கே இறங்குகின்றன, சந்து எந்த மூலையில். படம் முடியும்போது ஏறக்குறைய முழுப் படமும் உங்கள் தாளில் இருக்கும், ஏனென்றால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஹிட்ச்காக் காட்டிவிடுகிறார். பிறகு, உங்களுக்குப் பிடித்ததாகச் சொன்ன அரண்மனைப் படங்களில் ஒன்றை எடுத்து அதே வேலையைச் செய்து பாருங்கள். அரியணை மண்டபத்திலிருந்து அந்தப்புரத்துக்கு எந்த வழியாகப் போவது என்று வரைய முடிந்தால் அந்தப் படத்தின் பெயரை எனக்கு எழுதுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.